கடலூர் முகாமைக் காப்பாற்றிய கடற்படைத் தளபதி

போன தீபாவளிக்குப் புனேயில் இருக்கும் என் பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரன் கம்ப்யூட்டரில் நீர்மூழ்கிக் கப்பல்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவற்றில் ஒன்று 2022-ல் முழு சேவைக்கு வந்த பிரான்ஸ் நாட்டு அணுசக்தி நீர்மூழ்கி. அதன் பெயர் சுஃப்ரென். இது என்ன தாத்தா, வாயில் நுழையாத பெயர் என்றான். இந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் நம் கடலூரில் வந்து சண்டை போட்டவர், அந்த மணலில் நடந்தவர் என்று சொன்னேன். நான் வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டான். அவனுக்காகச் சொல்ல ஆரம்பித்த கதையை நம் அங்கத்தினர்களுக்காகவும் எழுதலாம் என்று தோன்றிற்று. நம்மில் தென்னாற்காடு ஜில்லாவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் எவ்வளவோ உண்டு. அவர்களில் பலருக்கும் இது புது விஷயமாக இருக்கக்கூடும்.

1980-களின் ஆரம்பத்தில் நான் உத்தியோக நிமித்தமாகக் கடலூரில் மூன்று வருஷம் இருந்தேன். சாயங்காலம் ஆபீஸ் முடிந்து தேவனாம்பட்டினம் கடற்கரையில் போய் உட்காருவது வழக்கம். துறைமுகம் என்று சொல்லும்படியாக எதுவும் கண்ணில் படாத அந்தத் திறந்த கடலில் முப்பத்து மூன்று பெரிய போர்க்கப்பல்கள் ஒன்றையொன்று பார்த்து நின்றன என்பதை ஜில்லா கெஜட்டியரில் படித்தபோது எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை.

பியர் ஆந்த்ரே தெ சுஃப்ரென் 1729-ஆம் வருஷம் ஜூலை மாதம் தெற்குப் பிரான்ஸில் புரோவான்ஸ் பிரதேசத்தில் உள்ள சேன் கனா என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் பிரபு வம்சம். இவர் மூன்றாவது பிள்ளை. மூத்தவனுக்குச் சொத்து, மற்றவர்களுக்குச் சர்ச் அல்லது பட்டாளம் என்பது அந்தக் காலத்து ஐரோப்பிய வழக்கம். பதினான்காம் வயதில் கடற்படையில் சேர்த்துவிட்டார்கள். மால்டா தீவில் இருந்த கிறிஸ்தவப் போர்வீரர் சபையிலும் அங்கத்தினர் ஆனார். அந்தச் சபையின் விதிப்படி கல்யாணம் கிடையாது. கடைசிவரை பிரம்மச்சாரியாகவே இருந்தார்.

அடுத்த முப்பத்தைந்து வருஷத்தை நான் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். இரண்டு தடவை ஆங்கிலேயரிடம் போர்க்கைதி ஆனார், 1747-ல் ஒரு முறை, 1759-ல் ஒரு முறை. இரண்டு தடவையும் பிரெஞ்சுத் தளபதிகள் எதிரியை அண்டவிடாமல் தற்காப்பிலேயே நின்று தோற்றதைக் கண்ணால் பார்த்தார். கப்பலைக் காப்பாற்றுவதா, எதிரியின் கப்பலை அழிப்பதா என்ற கேள்விக்கு அவருடைய மேலதிகாரிகள் முதலாவதையே பதிலாக வைத்திருந்தார்கள். சுஃப்ரென் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். அமெரிக்க சுதந்திர யுத்தத்தில் பிரான்ஸ் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. இன்னும் வெறும் கேப்டன்தான். பதவி உயர்வு தாமதமாவதைப் பற்றி நம்மில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம்.

1781 மார்ச்சில் ஐந்து பெரிய கப்பல்களோடு அவரைக் கிழக்கே அனுப்பினார்கள். வழியில் ஏப்ரல் 16-ஆம் தேதி கேப் வெர்டே தீவுகளில் நங்கூரமிட்டிருந்த ஆங்கிலக் கப்பல் கூட்டத்தைத் திடீரென்று தாக்கி, அவர்கள் நன்னம்பிக்கை முனையைப் பிடிக்கப் போவதைத் தடுத்துவிட்டார். அது நடுநிலை நாடான போர்ச்சுகலின் துறைமுகம். அதை அவர் பொருட்படுத்தவில்லை. மொரீஷியஸ் போய் அங்கிருந்த கப்பல்களோடு சேர்ந்து இந்தியாவை நோக்கி வரும்போது, 1782 பிப்ரவரியில் தலைமைத் தளபதி தோர்வ் வியாதியில் இறந்துபோனார். பொறுப்பு சுஃப்ரெனிடம் வந்தது.

அப்போது நம் பக்கத்து நிலைமை என்ன? 1780 ஜூலையில் ஹைதர் அலி கர்நாடகப் பிரதேசத்துக்குள் இறங்கியிருந்தார். ஆற்காடு, செங்கல்பட்டு, தென்னாற்காடு என்று கிராமம் கிராமமாக எரிந்து, பஞ்சம் பரவிக்கொண்டிருந்தது. பாண்டிச்சேரியை ஆங்கிலேயர் 1778-லேயே பிடித்துவிட்டார்கள். டச்சுக்காரர்களின் நாகப்பட்டினமும் திருகோணமலையும் அவர்கள் கைக்குப் போயின. பிரெஞ்சுக் கப்பல் ஒன்று பாய்மரம் ஒடிந்தால் ரிப்பேர் செய்ய இந்தக் கரையில் ஓர் இடம் கிடையாது. மொரீஷியஸுக்குப் போய்வர மாதக்கணக்கில் ஆகும். முந்தைய பிரெஞ்சுத் தளபதிகள் எல்லாம் அப்படித்தான் ஒரு சண்டை போட்டுவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். சுஃப்ரென் போகவில்லை. சின்னக் கப்பல்களின் பாய்மரங்களைக் கழற்றிப் பெரிய கப்பல்களுக்கு மாட்டினார். பிடித்த எதிரிக் கப்பல்களிலிருந்து அரிசியும் கயிறும் எடுத்தார். 1782-ல் மட்டும் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ் என்ற ஆங்கிலத் தளபதியோடு நான்கு முறை மோதினார். சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே பிப்ரவரி 17, இலங்கைக் கரையில் ஏப்ரல் 12, நாகப்பட்டினத்துக்கு அருகே ஜூலை 6, திருகோணமலைக்கு வெளியே செப்டம்பர் 3. இரண்டு பக்கமும் ரத்தம் சிந்தியதே தவிர, இந்த நான்கிலும் எந்தப் பெரிய கப்பலும் பிடிபடவில்லை. ஆனால் நடுவில் ஆகஸ்ட் கடைசியில் அவர் திருகோணமலைத் துறைமுகத்தையே பிடித்துவிட்டார். ஒரு வீடு கிடைத்துவிட்டது.

அவருடைய கேப்டன்கள் பலர் அவர் சொன்னபடி கேட்கவில்லை. நாகப்பட்டினம் சண்டையில் ஒரு கேப்டன் கொடியை இறக்கிச் சரணடையப் பார்க்க, அவருக்குக் கீழ் இருந்த அதிகாரிகள் கேட்காமல் பீரங்கியைச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கேப்டனை சுஃப்ரென் பதவி நீக்கினார். திருகோணமலைச் சண்டைக்குப் பிறகு வேறு சிலரும் பதவியை விட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஜூலை கடைசியில் ஹைதர் அலி தம் சைன்யத்தோடு கடலூர்ப் பக்கம் வந்து அவரைச் சந்தித்தார். சுஃப்ரென் மிகவும் பருத்த சரீரம். உடை விஷயத்தில் அலட்சியம். தரையில் சம்மணமிட்டு உட்கார அவர் திண்டாடுவதைக் கண்ட ஹைதர், மரியாதை முறையைப் பார்க்காமல் சௌகரியம்போல் உட்காரும்படி சொல்லித் திண்டுகளைப் போடச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. இருவரும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டார்கள் போலிருக்கிறது. அந்தச் சிநேகத்தில் ஒரு களங்கமும் உண்டு. கைதிகளை மாற்றிக்கொள்ளச் சென்னை ஆங்கில அதிகாரிகள் இணங்காதபோது, தம்மிடம் இருந்த ஆங்கிலக் கைதிகளைச் சாப்பாடு போட முடியவில்லை என்று ஹைதரிடம் ஒப்படைத்துவிட்டார். மைசூர்ச் சிறைகளில் அவர்கள் பட்ட பாடு சொல்லும் தரம் அன்று. அவரைப் புகழ்கிறவர்கள் இதைச் சீக்கிரம் கடந்துபோய்விடுவார்கள். இரண்டு முறை தாமே கைதியாக இருந்தவர் இதைச் செய்தார் என்பதை என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை.

அந்த வருஷம் டிசம்பர் 7-ஆம் தேதி ஹைதர் சித்தூருக்கு அருகே முகாமில் காலமானார். மேற்குக் கரையிலிருந்து திப்பு வந்து சேரும்வரை மரணச் செய்தி வெளியே தெரியாமல் பட்டாளத்தைக் கட்டிக் காத்தவர்களில் முக்கியமானவர்கள் பூர்ணையாவும் கிருஷ்ணராவும். பூர்ணையா மத்வப் பிராமணர், பின்னால் மைசூர் திவானாக இருந்தவர் என்பது நம்மவர்களுக்குத் தெரிந்ததுதான்.

இனி கடலூருக்கு வருவோம். 1783 மார்ச்சில் மார்க்கி தெ புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி சுமார் 2,300 ஐரோப்பியச் சிப்பாய்களோடு பரங்கிப்பேட்டையில் வந்து இறங்கினார். முப்பது வருஷம் முன்னால் ஹைதராபாத் நிஜாம் தர்பாரையே ஆட்டிவைத்த அதே புஸ்ஸிதான். இப்போது அறுபதுக்கு மேல் வயது, கீல்வாத உபத்திரவம். கடலூரை மையமாக வைத்து முகாம் அமைத்துக்கொண்டார். திப்பு மங்களூர்ப் பக்கம் போய்விட்டதால் எதிர்பார்த்த மைசூர் உதவியில் ஒரு பகுதிதான் கிடைத்தது.

சென்னையிலிருந்து ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட படையோடு புறப்பட்டார். சுமார் நூற்றுப் பத்து மைல் தூரத்துக்கு நாற்பது நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டு ஜூன் 7-ஆம் தேதி வந்து சேர்ந்து, ஊருக்குத் தெற்கே இறங்கினார். இந்தத் தாமதத்தைப் பலர் கேலி செய்திருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று வருஷப் பஞ்சத்தில் கிடந்த சீமையில் பத்தாயிரம் வாய்க்கு அரிசியும், பீரங்கி இழுக்கும் மாடுகளுக்குத் தீவனமும் எங்கே கிடைக்கும்? அவருடைய சாப்பாடு முழுவதும் சென்னையிலிருந்து கப்பலில்தான் வரவேண்டியிருந்தது. கனமான முற்றுகைப் பீரங்கிகளும் அப்படியே. அலையில் கவிழாத மசூலாப் படகுகளில் ஏற்றிக் கரை சேர்க்க வேண்டும். அந்தக் கப்பல்களுக்குக் காவலாக அட்மிரல் ஹியூஸ் 18 பெரிய போர்க்கப்பல்களோடு கடலில் நின்றார். ஆக, கரையில் இருந்தது இரண்டு முகாம்கள். இரண்டின் உயிரும் கடலில் இருந்தது.

ஜூன் 13-ஆம் தேதி காலை ஸ்டூவர்ட் பிரெஞ்சு வெளி அரண்களைத் தாக்கினார். ஒரே நாளில் ஆங்கிலேயர் பக்கம் கொல்லப்பட்டவர்களும் காயம்பட்டவர்களுமாக ஆயிரம் பேர் வரை. பிரெஞ்சுப் பக்கம் அதில் ஏறத்தாழப் பாதி. எதிரி களைத்திருந்த அந்தச் சாயங்காலம் திருப்பித் தாக்கலாம் என்று இளைய அதிகாரிகள் நினைத்தார்கள். புஸ்ஸி சம்மதிக்கவில்லை. இரவோடு இரவாக அரண்களை விட்டுவிட்டு ஊர் மதிலுக்குள் வந்துவிட்டார். இனி முற்றுகை இறுகுவதும் கோட்டை விழுவதும் நாள் கணக்குதான் என்ற நிலை.

சுஃப்ரென் திருகோணமலையில் இருந்தார். செய்தி கிடைத்த மறுநாளே, ஜூன் 11-ஆம் தேதி, புறப்பட்டுவிட்டார். கையில் 15 கப்பல்கள், எதிரியிடம் 18. ஆங்கிலக் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் அடிப்பாகத்தில் செப்புத் தகடு அடித்திருந்தது. இவருடையவற்றில் சிலவற்றுக்கு இல்லை. பாசியும் சிப்பியும் பிடித்து அவை மெதுவாகத்தான் போகும். ஆள் பற்றாக்குறை வேறு. 13-ஆம் தேதி, கரையில் சண்டை நடந்த அதே நாள், தெற்கே அவருடைய பாய்கள் தென்பட்டன.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். அதனால் இந்த இடத்தில் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஆனி மாதத்தில் நம் கிழக்குக் கரையில் காலையில் மேல்காற்று அடிக்கும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, மேலே கிளம்பும் காற்றின் இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். மத்தியானம் ஒரு மணி இரண்டு மணிக்குக் கடற்கரையில் நிற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாய்மரக் கப்பல் சண்டையில் காற்று வரும் பக்கம் நிற்பவனுக்கே எப்போது, எவ்வளவு நெருங்கிச் சண்டை போடுவது என்ற உரிமை உண்டு. கடல்காற்று வந்தால் கடல் பக்கம் இருக்கும் ஹியூஸுக்குச் சாதகம். மேல்காற்றே நீடித்தால் கரைப் பக்கம் இருப்பவனுக்குச் சாதகம். ஹியூஸ் கடல்காற்றை நம்பினார், அது தப்பான கணக்கு அல்ல. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று பலமாக இருக்கும் சில நாட்களில் கடல்காற்று தலையெடுக்கவே எடுக்காது. அந்த வாரம் அப்படி அமைந்தது. சண்டைக்குத் தோதான இடம் தேடி ஹியூஸ் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு வெளிக்கடலுக்கு நகர, 17-ஆம் தேதி சுஃப்ரென் கரையை ஒட்டி நழுவி வந்து, ஹியூஸ் காலி செய்த கடலூர்க் கடலில் தாம் நங்கூரம் போட்டுவிட்டார். ஒரு குண்டு சுடாமல் முகாமும் கப்பல்களும் ஒன்றாகிவிட்டன.

அன்று அவர் கேட்டதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் ஆச்சரியமான விஷயம். பீரங்கிக்கு ஆள் போதவில்லை, உங்கள் முகாமிலிருந்து 1,200 பேரைக் கப்பலுக்குக் கொடுங்கள் என்று கேட்டார். மதிலுக்கு வெளியே பத்தாயிரம் பேர் பள்ளம் வெட்டிக்கொண்டு நெருங்கும்போது, காப்பாற்ற வந்தவர் காவல்காரர்களையே கேட்கிறார். கிழவர் புஸ்ஸி கொடுத்தார். போர்க்களத்தில் தயங்கித் தயங்கி நின்றவர் என்று அவரைக் குறை சொல்பவர்கள் இந்த ஒரு தீர்மானத்துக்காக அவருக்குப் பாதி மார்க்காவது போட வேண்டும். அந்த 1,200 பேரில் பாதிப்பேர் ஐரோப்பியர், பாதிப்பேர் நம் நாட்டுச் சிப்பாய்கள். கப்பல் ஒன்றுக்குச் சராசரி எண்பது பேர். அந்த அறுநூறு சிப்பாய்களில் பெரும்பாலோருக்குக் கடல் பிரயாணமே புதிது என்றுதான் நினைக்கிறேன். மூன்றாம் நாள் சண்டை.

இரண்டு நாள் காற்று சரிப்படாமல் இரு கூட்டமும் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்தன. ஜூன் 20-ஆம் தேதி மேல்காற்று நிலைத்தது. பிற்பகல் நாலு மணி சுமாருக்கு சுஃப்ரென் நெருங்கினார். முந்தின வருஷம் மேற்கிந்தியத் தீவுகளில் பிரெஞ்சு அட்மிரல் ஒருவர் தம் கப்பலோடு பிடிபட்டதால், தளபதிகள் இனிமேல் சண்டையில் சின்னக் கப்பலில் இருந்துதான் உத்தரவு கொடுக்க வேண்டும் என்று பாரிஸிலிருந்து ஆணை வந்திருந்தது. எத்தனையோ ஆணைகளை மீறியவர் இதற்கு மட்டும் கட்டுப்பட்டு கிளியோபாத்ரா என்ற சிறு கப்பலுக்கு மாறினார். மூன்று மணி நேரம் பீரங்கிச் சண்டை நடந்து இருட்டியதும் நின்றது. பிரெஞ்சுப் பக்கம் சுமார் 100 பேர் மரணம், 386 பேர் காயம். ஆங்கிலப் பக்கம் 99 பேர் மரணம், 434 பேர் காயம். ஒரு கப்பலும் மூழ்கவில்லை, ஒரு கப்பலும் பிடிபடவில்லை. கணக்கைப் பார்த்தால் சரிசமம்.

ஆனால் ஹியூஸின் கப்பல்களில் குடிதண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. பச்சைக் காய்கறியும் பழமும் இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயில் நூற்றுக்கணக்கான மாலுமிகள் படுத்திருந்தார்கள். எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தால் குணமாகும் என்று ஜேம்ஸ் லிண்ட் என்ற டாக்டர் முப்பது வருஷம் முன்னாலேயே எழுதிவிட்டார். பிரிட்டிஷ் கடற்படை அதை ஏற்று உத்தரவு போட்டது 1795-ல். கோப்பு நகரும் வேகம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். ஹியூஸ் வடக்கே திரும்பிச் சென்னைக்குப் போய்விட்டார். அதோடு ஸ்டூவர்ட்டின் அரிசியும் மருந்தும் வெடிமருந்தும் நின்றன. முற்றுகை போட்டவர் முற்றுகையில் மாட்டிக்கொண்டார்.

23-ஆம் தேதி சுஃப்ரென் மீண்டும் கடலூருக்கு எதிரே நங்கூரமிட்டு, கடன் வாங்கிய 1,200 பேரைத் திருப்பிக் கொடுத்தார். வட்டி மாதிரி தம் கப்பல் ஆட்கள் ஏறக்குறைய அதே அளவு பேரையும் சேர்த்துக் கரையில் இறக்கினார். கரையில் பட்டாளமே திரண்டு நின்றது. பல்லக்குத் தூக்கிகளை விலக்கிவிட்டுச் சிப்பாய்களே அவர் பல்லக்கைச் சுமந்தார்கள் என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்தச் சரீரத்தை அந்த மணலில் சுமப்பது லேசான காரியம் அல்ல.

இரண்டு நாள் கழித்துப் புஸ்ஸியின் ஆட்கள் வெளியே வந்து ஆங்கிலப் பள்ளங்களைத் தாக்கினார்கள். சரியாகத் திட்டமிடாமல் தோற்றுத் திரும்பினார்கள். அடுத்த பெரிய தாக்குதலுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது, ஜூன் 29-ஆம் தேதி வெள்ளைக் கொடியோடு ஓர் ஆங்கிலக் கப்பல் வந்தது. ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது. பூர்வாங்க உடன்படிக்கை வெர்சேல்ஸ் நகரில் கையெழுத்தான தேதி 1783 ஜனவரி 20. அதாவது புஸ்ஸி பரங்கிப்பேட்டையில் கால் வைப்பதற்கே ஏறத்தாழ இரண்டு மாதம் முன்னால். ஜூன் 13-ல் மணலில் விழுந்தவர்களும் 20-ல் கப்பலில் விழுந்தவர்களும் முடிந்துபோன யுத்தத்தில் செத்தவர்கள். ஒரு செய்தி வந்து சேர எடுத்துக்கொண்ட ஐந்து மாதம் அவர்களுடைய ஆயுளைத் தீர்மானித்தது. இன்னும் பத்து நாள் கழித்துச் செய்தி வந்திருந்தால் ஸ்டூவர்ட் படையோடு சரணடைந்திருப்பார் என்பது என் அபிப்பிராயம். ஆங்கில ஆசிரியர்களே பலர் அவருடைய நிலைமை மிக மோசமாக இருந்ததை ஒப்புக்கொள்கிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டுக் காத்த கடலூர், உடன்படிக்கைப்படி ஆங்கிலேயருக்கே திரும்பப் போயிற்று. பிரான்ஸுக்குப் பாண்டிச்சேரி கிடைத்தது. மங்களூர் முற்றுகையில் திப்புவுக்கு உதவிக்கொண்டிருந்த பிரெஞ்சுப் பிரிவு நடுவில் விலகிக்கொண்டது. திப்பு அதை நம்பிக்கைத் துரோகமாகவே எடுத்துக்கொண்டார். புஸ்ஸி 1785 ஜனவரியில் பாண்டிச்சேரியில் இறந்தார். ஸ்டூவர்ட்டைச் சென்னை கவர்னர் மெக்கார்ட்னி பிரபு கைது செய்து கப்பலேற்றிவிட்டார். அந்தக் கோபத்தில் 1786-ல் லண்டனில் இருவரும் துப்பாக்கியோடு நேருக்கு நேர் நின்றார்கள். அதே யுத்தத்தில் முன்பே ஒரு காலை இழந்திருந்த ஸ்டூவர்ட் மரத்தில் சாய்ந்து நின்று சுட்டார்; மெக்கார்ட்னி காயத்தோடு தப்பினார்.

சுஃப்ரென் 1783 அக்டோபரில் நம் கரையை விட்டுப் போனார். நன்னம்பிக்கை முனையில் இறங்கியபோது, அவரோடு ஐந்து முறை மோதிய ஆங்கிலக் கப்பல்களின் கேப்டன்களே அவர் கப்பலுக்கு வந்து மரியாதை செய்தார்கள். அதை அவர் தம் வாழ்க்கையின் பெரிய கௌரவங்களில் ஒன்றாக நினைத்தார். 1784 மார்ச்சில் தூலோன் துறைமுகம் சேர்ந்தார். பதினாறாம் லூயி மன்னர், ஏற்கெனவே மூன்று வைஸ் அட்மிரல் பதவிகள்தான் இருந்ததால், இவருக்காக நான்காவது பதவி ஒன்றை உண்டாக்கினார். இவர் காலத்துக்குப் பின் அந்தப் பதவி ரத்தாகும் என்று நிபந்தனை. 1788 டிசம்பர் 8-ஆம் தேதி பாரிஸில் ஐம்பத்தொன்பதாம் வயதில் காலமானார். கத்திச் சண்டையில் குத்துப்பட்டு இறந்தார் என்று வதந்தி ஒன்று பிற்பாடு கிளம்பியது. வியாதியும் தப்பான வைத்தியமும் காரணம் என்பதே உறவினர் தரப்பு. ஐந்து வருஷத்துக்குள் புரட்சிக்காரர்கள் அவர் சமாதியை உடைத்து எலும்புகளை வெளியே எறிந்தார்கள். பிற்பாடு பிரெஞ்சுக் கடற்படை தலைமுறை தலைமுறையாகத் தன் கப்பல்களுக்கு அவர் பெயரை வைத்து வருகிறது. அந்த வரிசையில் கடைசியாக வந்ததைத்தான் என் பேரன் திரையில் பார்த்தான்.

கதையை முழுவதும் கேட்டுவிட்டு அவன் கேட்ட ஒரே கேள்வி, அந்தக் காற்று இப்போதும் அப்படித்தான் அடிக்கிறதா என்பது. புனேயில் ஜூன் நடுவில் பள்ளிக்கூடம் திறக்கிறது. முதல் வாரத்திலேயே அவனைக் கடலூருக்கு அழைத்துப் போக ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. காலை பத்து மணிக்கே தேவனாம்பட்டினத்துக்குப் போய், கையில் ஒரு துணிக்கொடியோடு உட்காருவதாகத் திட்டம். மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகிறோம்.